நெற்றிச் சாயம்

காரைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் பொம்மையின் நெற்றிக்குச் சிவப்புச் சாயம் பூசுவது ஞானவேலின் வேலை. மோதியதும் ஏர்பேக்கில் பதிந்த கறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கறை இழுபட்டிருந்தால் தலை வழுக்கிப் போயிருக்கிறது. வட்டமாக இருந்தால் அங்கேயே தங்கியிருக்கிறது.

“என்னண்ணே, தல நின்னுச்சா?” என்றார் இன்ஜினியர்.

“எங்க சார், வழுக்கிருச்சு.” காலையிலிருந்து இதையே சொல்லி அவனுக்கு வாய் அலுத்திருந்தது.

சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போதுதான் மனைவி கோமளா இரவு ஷிப்டுக்குக் கிளம்புவாள். வாசல் குறுகல். ஒருவர் ஒதுங்க மற்றவர் போவார். பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. இன்று அசதியில் அவன் ஒதுங்க மறந்தான். அவள் நெற்றி அவன் நெஞ்சில் இடித்தது.

“பாத்து வரக் கூடாதா?” என்றபடி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. முகம் கழுவக் கண்ணாடி முன் நின்றபோதுதான் சட்டைப் பையின் மேல் அவளுடைய குங்குமத்தைக் கண்டான். தட்டிவிடப் போன கை பாதியில் நின்றது. கறை கொஞ்சமும் இழுபடாமல் வட்டமாக இருந்தது.