அடியில் போன தட்டு

சாய்ந்த வெயிலில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் மின்னுகின்றன. 2012 ஏப்ரல். நிலம் ஆடியதும் முதுநகர் சனம் மாதா கோயில் மொட்டைமாடிக்கு ஓடிவந்தபோது ரோசியின் கையில் அகப்பட்டவை அவை. சுனாமி எச்சரிக்கையை விலக்கிவிட்டார்களாம், அவள் மட்டும் இறங்க மறுக்கிறாள். நிலவியல் படித்த நாத்தனார் கிரேசி ஒரு தட்டை இன்னொன்றின் அடியில் செருகுகிறாள். மேல்தட்டு எழும்புகிறது. "சுனாமியன்னிக்கு பூமித்தட்டு இப்படி அடியில போயி கடலத் தூக்கிடுச்சு அண்ணி." பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து உரசுகிறாள். "இன்னிக்கு பக்கவாட்டுல நவுந்துச்சு, அவ்ளோதான். அலை வராது." ரோசி குழம்பிப்போய்ப் பார்க்கிறாள். "அதே தட்டுதான? அன்னிக்கு மட்டும் ஏன் அடியில போச்சு?" தட்டை மறுபடி எடுக்கும் கிரேசியின் விரல், விளிம்பில் வெட்டிய பெயரில் தட்டுப்பட்டு நிற்கிறது: ஆரோக்கிய ஜெகன். சுனாமி கொண்டுபோன அவள் அண்ணன், ரோசியின் கணவன். அந்தத் தட்டைத்தான் அவள் அடியில் செருகியிருக்கிறாள்.