தாளத்துக்கு வேற ஆள்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு ஆட்டக்காரன் கதை சொல்றேன்.

அவன் ஆட, ஓரமாய் உட்கார்ந்து தாளம் போடுவார் அவனுக்கு ஆட்டம் கற்றுத்தந்த மாஸ்டர். சமீப காலமாகத் தாளம் வேகம் குறைந்து இழுத்துக்கொண்டே போனது. மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தான் அவன்.

"மாஸ்டர், இந்தத் தடவை முன்வரிசையில உட்கார்ந்து பாருங்களேன். தாளத்துக்கு வேற ஆள் சொல்லிட்டேன்."

"கழட்டி விடுறேன்னு நேராச் சொல்லேன்டா!" என்று சிரித்தார் மாஸ்டர். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடையில் புது ஆளின் தாளம் கச்சிதமாக ஓடியது. பாதியிலேயே ஆட்டக்காரனுக்கு மூச்சு வாங்கியது. கால் பின்தங்க, தடுமாறி உட்கார்ந்தே விட்டான். அவசரமாகத் திரையைப் போட்டார்கள்.

படிகளைத் தாவி ஏறிவந்த மாஸ்டர், அவன் முழங்காலைப் பிடித்துவிட்டார்.

"உங்க கை தளர்ந்துபோச்சுன்னு நினைச்சிட்டேன் மாஸ்டர்..."

"என் கைக்கு என்னடா கேடு? உன் கால் தளர்ந்தது ஊருக்குத் தெரிய வேண்டாமேன்னுதான் தாளத்தை இழுத்தேன்."

அவனால் தலைநிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்காகக் கெட்ட பேர் வாங்கிக்கிற ஒருத்தர் உங்க வீட்டிலும் நல்லா இருக்கட்டும், கண்ணுகளா.