டெரிக்கின் இடம்

கால்பந்து மைதானத்தில் நின்று பார்க்கும் கேலரி திரும்ப வந்தபோது, ஒவ்வொரு ரசிகருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். தரை அவரவர் எடையை அறிந்து வைத்திருந்தது. விசில் ஊதும்போது அந்த எடைக்குக் குறைந்தால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

டெரிக் இறந்த பதினோராம் நாள், அவனுடைய இடத்தில் அவன் தாய் பிலோமினா வந்து நின்றாள். காலடியில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறவில்லை.

"எம்மா, அவன் எம்பது கிலோ. நீ நாப்பதுகூட தேறமாட்ட," என்றான் பக்கத்து இடத்துக் காதர்.

"பூசைக்குக்கூட வரமாட்டான், இங்க தவறாம வந்து நிப்பான். இந்த எடமும் போயிடுமாப்பா?"

காதர் தன் ஒரு காலை அவளுடைய இடத்தில் வைத்து அழுத்தி ஊன்றினான். மறுபுறம் நின்ற நாகமணியும் அப்படியே செய்தான். அவர்கள் இருவருடைய விளக்குகளும் சிவந்தன.

"ஐயோ, உங்க எடம் போவுதே!"

"போனா போவுது. டெரிக் எடத்துல மூணு பேரும் ஒண்டிக்கலாம். நின்னு பாக்கறதுல அதானம்மா சௌகரியம்," என்றான் காதர்.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். விசில் ஒலித்தது. அவள் காலடி விளக்கு பச்சையானது.

"வாங்க, டெரிக்," என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

பிலோமினா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.