பதினாலாம் தறியின் இரண்டாவது பெயர்

டேனியல் டெலிட் பட்டனை அழுத்தியதும் டொங் என்று ஒரு சத்தம். தறிக்காரர் தினகரனின் பெயர் திரையில் அசையாமல் நின்றது.

"காத்தாலேர்ந்து பத்து வாட்டி அமுக்கிட்டேன்பா. போவ மாட்டேங்குது," என்றான் முதலாளியின் அடியாள் குரு. அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

இந்தத் தறிக்கூடத்துக்குப் பெயர்ப்பதிவு மென்பொருளைச் செய்து கொடுத்தவன் டேனியல். எப்போது மக்கர் செய்தாலும் செவிலிமேட்டிலிருந்து பைக்கில் வந்து சரிசெய்துவிட்டுப் போவான். இன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கவனித்தான். அங்கே ஏற்கெனவே இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன.

குரு மட்டும் பூட்ஸோடு உள்ளே திரிந்தான். தறி இருக்கும் இடத்தில் காலணியோடு நடக்கிறவனுக்கு நெசவு எங்கே தெரியப்போகிறது?

கம்ப்யூட்டர் மேஜைக்கு நாலடி தள்ளிப் பதினாலாம் தறி. நெய்கிறவர் கால் வைக்கும் அதன் குழியைக் குரு தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். ஓரத்தில் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் கிடந்த தறிக்கட்டையின் நுனியில் நரைமுடி ஒட்டியிருந்தது.

டேனியல் திரையை மட்டுமே பார்த்தான்.

அமாவாசை. ஊரில் ஒரு தறியும் ஓடாது, கூடத்தில் ஈ காக்கை இருக்காது. அந்த நாளாகப் பார்த்துத்தான் முதலாளி தினகரனைப் பேச வரச் சொல்லியிருந்தார். பவர்லூம் சேலைக்குக் கைத்தறி முத்திரை குத்தி விற்பதை அதிகாரிகளிடம் சொல்லப்போகிறேன் என்று முந்தாநாள் டீக்கடையிலேயே சத்தம் போட்ட மனுஷன் தினகரன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பேச முதலாளி வரவில்லை. குருதான் வந்தான்.

இப்போது தினகரன் இங்கே வேலை செய்ததற்கே சுவடு இருக்கக் கூடாதாம்.

டேனியல் மறுபடி அழுத்தினான். டொங். ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. இந்தப் பெயரோடு இன்னொரு பதிவு இணைந்திருக்கிறது, அதை அழிக்காமல் இதை அழிக்க முடியாது.

அவனே வைத்த பூட்டுதான். அன்றன்றைக்குத் தறியில் உட்காருகிறவர்கள் காலையிலேயே பெயரைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட வேண்டும். அந்தப் பட்டியலில் துணையாள் பெயர் இணைந்திருக்கும்வரை யாரும் தறிக்காரரின் பதிவைத் தெரியாத்தனமாக அழித்துவிடக் கூடாது என்று செய்திருந்தான்.

பட்டியலைத் திறந்தான். தினகரன் ஒழுங்குக்காரர். முதலாளி வரும்வரை அவசரச் சேலையைக் கொஞ்சம் நெய்யலாமென்று உட்கார்ந்திருப்பார் போல, அமாவாசையன்றும் பதிந்து வைத்திருந்தார். காலை ஒன்பது பத்து. பதினாலாம் தறி. அவர் பெயருக்கு நேரே துணையாள் என்ற கட்டத்தில் இன்னொரு பெயர்.

டேனியல் திரைக்கு நெருக்கமாக நகர்ந்தான்.

தறியில் பாதி நெய்த கல்யாணச் சேலை நின்றது. மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்குச் சிவப்பில் கரை. இரண்டையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலை. அதை ஒற்றை ஆள் நெய்யவே முடியாது. ஒரு பக்கக் கரைக்கு ஊடுநூல் நாடாவைத் தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். இது காஞ்சிபுரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடியாளுக்குத் தெரியவில்லை.

"கூட யார்ரா வந்தாங்கன்னு கேட்டுக்கேட்டுதான் அடிச்சேன்," என்று குரு தானாகவே சொன்னான். "ஒண்டியாத்தான் வந்தேன்னு கடைசி மூச்சு வரைக்கும் அதையேதான் சொன்னான். நல்லதாப் போச்சு. இல்லாங்காட்டி இன்னொரு குழி தேடணும்."

தினகரன் தலை உடைபடும்போதும் காப்பாற்றிய பொய்யை இந்த நாசமாய்ப்போன கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கக் காத்திருந்தது.

குரு குனிந்தான். அவன் மூச்சு டேனியலின் காதில் பட்டது. "இன்னாடா அது லிஸ்ட்டு?"

"ஃபாரத்துல செட்டிங் மாறிக்கீதுண்ணா. அதான் அழியல."

பொளேரென்று கன்னத்தில் விழுந்தது அறை. கண்ணாடி தெறித்து விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டது. உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. "கதை சொல்லாத. சீக்கிரம் முடி."

அந்த அறைக்கு டேனியல் உள்ளுக்குள் நன்றி சொன்னான். அடித்த கையை உதறிக்கொண்டு குரு ஒரு நொடி திரும்பியிருந்தான். அந்த ஒரு நொடியில் இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்து அழித்தான். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம்.

பிறகு தினகரன். இந்த முறை சத்தமே வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தறியில் உட்கார்ந்த மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். டேனியலுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"போச்சுண்ணா."

"நீ இங்க வரவே இல்ல. தெரிதா?"

டேனியல் தலையாட்டினான். குரு வாளியை எடுத்து, தரையில் உறைந்திருந்ததைக் கழுவப் போனான்.

டேனியல் வாசலில் குனிந்தான். தன் செருப்பை மாட்டினான். தினகரனின் பெரிய தோல் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த சின்ன ரப்பர் செருப்பு இரண்டையும் சத்தமில்லாமல் எடுத்துத் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அவன் உள்ளே நுழைந்ததிலிருந்து ஏழாவது முறை. பைக்கைத் தெருமுனை தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் எடுத்தான். எதிர்முனையில் அழுது விக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நதியா, வாயத் தொறக்காத. ஒளிஞ்ச எடத்துலயே இரு. அண்ணன் வர்றேன்."

பையைத் தடவிப் பார்த்தான். அவள் செருப்பின் அறுந்த வாருக்குக் காலையில் அவன் குத்திக் கொடுத்த ஊக்கு விரலில் தட்டுப்பட்டது.