அளவுச் சட்டை

தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, கணினித் திரையின்மேல் வைத்தாள்.

நூலகத்தின் பின்னறையில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு மற்ற ஒன்பது பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

சனிக்கிழமைதோறும், இணையம் பழகாத பெண்களுக்கு அங்கே இலவச வகுப்பு. இது ஐந்தாவது வாரம். பள்ளி வேன் ஓட்டுகிறவள் வரைபடத்தில் தன் வீட்டு மாடியைக் கண்டுபிடித்து, அங்கே காய்கிற போர்வை தன்னுடையதுதான் என்று சாதித்துக்கொண்டிருந்தாள். பூக்கடைக்காரி, பேசப் பேசத் தானே எழுதிக்கொள்ளும் செயலியிடம் தன் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள், இரண்டு பக்கம் தாண்டியும் நிறுத்துவதாக இல்லை.

அவளே இப்போது நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

சொல்லிக்கொடுக்கும் பெண் ஓடிவந்து கணினிக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். திரையில் தெரிவது நிஜ அளவு இல்லை, யானையைக்கூட எறும்பளவில் காட்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

தையல்காரி தலையாட்டினாள். நாடாவை மட்டும் எடுக்கவில்லை.

மணி இரண்டரை. ஐந்துக்குக் கொரியர்காரர் வந்துவிடுவார். அதற்குள் வெட்டி, தைத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தால்தான் நாளைக் காலை போய்ச் சேரும். நாளைக் காலை தவறினால் அந்தச் சட்டையைத் தைத்தும் பிரயோசனமில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் குத்துமதிப்பாக அவள் கத்தரி வைத்ததே கிடையாது. ஒன்று, ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இந்த ஆள் இரண்டும் செய்யவில்லை. மின்னஞ்சலில் ஒரு படம் வந்திருந்தது, அவ்வளவுதான். அதையும் யார் உதவியும் இல்லாமல் அவளே திறந்திருந்தாள்.

அவளுடைய கணினி கடைசி மூலையில், சுவரைப் பார்த்து இருந்தது. படம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நாடா ஒன்பது அங்குலம் காட்டியது. உதட்டைப் பிதுக்கினாள். போன வாரம் படித்தது ஞாபகம் வந்தது. கண்ட்ரோல் விசையையும் கழித்தல் குறியையும் சேர்த்து அழுத்தினாள். படம் சுருங்கியது. இடது கையை விரித்துத் திரையில் பதித்துப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை அழுத்தினாள். மறுபடி கையைப் பதித்தாள்.

"அக்கா, இது தொட்டா வேலை செய்யற திரை இல்லக்கா."

"தெரியும்மா. நீ போய் அந்த நாத்தனாரைக் காப்பாத்து."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவளும் சேர்ந்துகொண்டாள்.

இன்னும் நாலு தட்டு குறைத்து, ஒரு தட்டு கூட்டியதும் கை சரியாகப் பொருந்தியது. சுண்டுவிரல் நுனிவரை, விரலுக்கு விரல்.

நாடாவை மறுபடி வைத்துப் பார்த்தாள். நாலரை அங்குலம்.

"நாலரையா? பொம்மைக்கா தைக்கறே?" பூக்கடைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஒரு அளவுச் சட்டையை அனுப்பச் சொல்றதுதானே? இப்படித் திரையைப் போட்டு அளக்கணுமா?"

தையல்காரி திரையிலிருந்து கையை எடுத்தாள்.

அந்தக் கை இருந்த இடத்தில் இன்னொரு கை இருந்தது. அவள் தங்கையின் கை. கையுறை வாங்கப் போனால் ஒருத்தி போட்டுப் பார்த்து இருவருக்கும் வாங்கிவந்துவிடலாம், அப்படி ஒரே அச்சு. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே போன அந்தக் கைக்குப் பக்கத்தில், ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட ஒருவன், மூக்கில் குழாயோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தான் பெட்டியை விட்டு வெளியே வர்றான்," என்றாள் தையல்காரி. "அளவுச் சட்டைக்கு எங்க போறது? இதுவரை அவன் சட்டையே போட்டதில்லையே."

பூக்கடைக்காரி நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். நாடாவின் ஒரு முனையை வாங்கி, அவன் தோள்மேல், எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல மெல்ல வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறு முனையைப் பிடித்து, தையல்காரி மறுபடியும் பார்த்தாள். நாலரைதான். குறித்துக்கொண்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்.

உள்ளே துணி நிறைய விடவும். வளருகிற பிள்ளை.