பாலிஷ் காய ஆறு மணி நேரம்

"யாராவது வாசப் பக்கத்துல இருந்து பாலிஷ் போட ஆரம்பிப்பாங்களாங்க?"

புதுப்புடவையும் கைப்பையுமாக வாசற்படியில் நின்றுகொண்டு மனைவி கேட்டாள். எதிர் மூலையில், ஜன்னலை ஒட்டி, துணியும் டப்பாவுமாகக் குந்தியிருந்தார் கணவர். இரண்டு பேருக்கும் நடுவில் மாடி வீட்டு ஹால் முழுக்க மரத்தரை, முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"நீதானேம்மா வாசப் பக்கம் மங்கிக் கிடக்குன்னு சொன்னே?"

"மங்கிக் கிடக்குன்னா அங்கேயேவா ஆரம்பிக்கறது? மூலையில ஆரம்பிச்சு, பின்னாடியே நகர்ந்து வந்தா வெளியே வந்திருக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். மனிதர் வேலையில் குறை வைக்கவே மாட்டார். காலையில் எழுந்ததும் தூசி பெருக்கி, துணியை ஒட்டப் பிழிந்து துடைத்து, கீறலையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே பாலிஷ் இழுத்திருந்தார். எப்படி வெளியே வருவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"காய எவ்வளவு நேரமாம்?"

டப்பாவைத் திருப்பிப் படித்தவரின் முகம் தொங்கிப் போனது.

"ஆறு மணி நேரம்."

"சரியாப் போச்சு. எங்க அண்ணன் வீட்டு விருந்து மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"நுனிக்கால்ல அப்படியே ஓடி வந்துடறேனே."

"வைங்க பார்ப்போம் காலை. ஒரு தடம் விழுந்தாலும் மொத்தத்தையும் தேய்ச்சு மறுபடி போடணும். நீங்கதான் போடணும்."

தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

விருந்து போனால் போகிறது. மச்சானின் கல்யாண நாளில் பாடுவதற்காக ஒரு மாதமாகச் சாதகம் செய்திருந்தார். அந்தப் பாட்டு தொண்டையிலேயே நின்றுவிடப் போகிறதே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"போன வருஷம் நான் பாடினப்போ உங்க அண்ணனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இன்னைக்கு எல்லாரும் எவ்வளவு ஏமாந்து போவாங்க, சொல்லு."

"என்னங்க பண்றது? நான் எடுத்துச் சொல்லிக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

இடிந்துபோய் உட்கார்ந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. இங்கிருந்தே போனில் பாடினால் என்ன? மச்சான் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால் எல்லாருக்கும் கேட்கும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை, யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அவசரமாக ஜன்னலைத் திறந்து கம்பி வழியாகக் கீழே பார்த்தார்.

தெருவில், நேர் கீழே நின்று அவள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, நீ நிம்மதியா விருந்தை ஆரம்பி. இந்த வருஷம் பாட்டு கிடையாது. முகத்துக்கு நேரா சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு, பாவம். அதான் காலையிலேயே பாலிஷ் டப்பாவைக் கையில குடுத்து, வாசப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க வெச்சுட்டேன்."