தோழன் இல்லாத கலியாணம்

"தம்பி, தோழனை வெட்டோணும். அதுக்கு முதல் இந்தப் போல்டர் திறக்கோணும்," என்றார் வின்சன்.

மல்லாவியில் அவருடைய ஸ்டூடியோ. அவரிடம் வேலை செய்யும் பெடியன்கள் எடுத்து வந்த கலியாணப் படங்கள் எல்லாம் புது லினக்ஸ் சேர்வரின் பெரிய டிஸ்கில் கிடந்தன. படம் வெட்டும் பழைய கொம்பியூட்டரோ நெற்வேர்க் வழியே போல்டரின் பெயரை மட்டும் காட்டியது. வின்சன் இன்னும் ஒரு படமும் பார்க்கவில்லை.

"ஏன் வெட்டுறியள்?" திருத்த வந்த இளைஞன் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"கலியாணப் பொம்பிளையின்ர தமையன்தான் மாப்பிள்ளைத் தோழன். கலியாணம் முடிஞ்ச கையோட, தகப்பனுக்குச் சொல்லாமல் ஒரு பெட்டையோட கந்தோரில எழுத்துக் கலியாணம் முடிச்சிட்டானாம். தகப்பன் அப்புத்துரையர் கொதிச்சுப்போய் நிக்கிறார். அவன்ர பேரையே வாயில எடுக்கிறாரில்லை. பின்னேரம் வாறார். அசல் படத்திலயும் அவன் இருக்கக் கூடாதாம். இல்லாட்டி, பெரியபிள்ளையான சின்ன மகளின்ர சாமத்திய வீட்டுப் படத்துக்கு வேற ஸ்டூடியோவாம்."

"தோழன் எல்லாப் படத்திலயும் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலதானே அண்ணை நிப்பான்?"

"அதுதான் விசரா இருக்கு. அவனை வெட்டினா மாப்பிள்ளைக்கு ஒரு தோள்தான் மிஞ்சும்."

"பொம்பிளை என்ன சொன்னவா?"

"அழுதவா. பிறகு, போல்டர் திறக்குதில்லையெண்டு நான் சொன்ன உடன, உம்மட நம்பரை அவாதான் தந்தவா. நல்ல பிள்ளை."

"ஓம், நல்ல பிள்ளை." அவன் ஒரு வரி தட்டினான். "டிஸ்க் பெருசானா பைலுகளுக்குப் பெரிய பெரிய நம்பர் விழும். உங்கட பழைய மெஷினுக்கு அவ்வளவு பெருசா வாசிக்கத் தெரியாது. நம்பரைச் சின்னனாக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறன்."

"கிழடு. என்னைப்போல," என்றார் வின்சன்.

அவன் சேர்வரிலும் ஏதோ மாற்றினான். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினான்.

"சரி அண்ணை. இனி எல்லாரும் பாக்கலாம். அசலை மட்டும் ஒருத்தரும் வெட்டவோ அழிக்கவோ ஏலாது. சேர்வர் பாஸ்வேர்டையும் மாத்திப்போட்டன். தேவையெண்டால் பொம்பிளையிட்டக் கேளுங்கோ."

"பொம்பிளையிட்டயோ?" என்று வின்சன் வாசலுக்கு வருவதற்குள் மோட்டார் சைக்கிள் சந்தியைத் திரும்பிவிட்டது.

அவர் திரும்பி வந்து முதல் படத்தைத் திறந்தார். உடனே விரிந்தது. மணவறையில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தோளோடு தோள் ஒட்டி, தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக, சற்றுமுன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவன்.